சொல்லாத அன்பும் தவறிய அறமும்

அடக்கத்தை நாம் நற்பண்புகளுள் ஒன்றாகவே போற்றிவருகிறோம். நாவடக்கம், புலனடக்கம், மன அடக்கம் ஆகியவற்றைப் பிரசங்க பீடத்திலும் ஓய்வுநாள் பள்ளியிலும் ஓயாது போதிக்கிறோம். ஆனால் ஒருவன் தன் உள்ளத்து உணர்வுகள் அனைத்தையும் அடக்கி ஒழித்துவிட்டால் அவனிடத்தில் எஞ்சுவது யாது என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது. 1993இல் வெளிவந்த ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வினாவை நம்முன் வைக்கிறது. ‘பகற்பொழுதில் எஞ்சியது’ என அதன் பெயரைத் தமிழில் கூறலாம். சொல்லப்படாத ஒரு காதலின் கதையாகவே பலரும் இதனைக் கண்டு மனம் நெகிழ்ந்தனர். அந்நெகிழ்ச்சி இயல்பானதே. எனினும் இப்படம் கூறுவது அதனினும் கடுமையான ஒன்று என்பது நம் கருத்து. அன்பைச் சொல்ல மறுத்த அதே நா, அநீதியைக் கண்டபோதும் வாய் திறக்க மறுத்தது என்பதே அது.

படைத்தவர்கள்

இப்படத்தின் மூலம் கசுவோ இஷிகுரோ எழுதி 1989இல் வெளிவந்து அவ்வாண்டின் புக்கர் பரிசைப் பெற்ற நாவலாகும். இஷிகுரோ 1954இல் ஜப்பானின் நாகசாகியில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்துக்கு வந்தவர். 2017இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். படத்தை இயக்கிய ஜேம்ஸ் ஐவரி அமெரிக்கர். தயாரிப்பாளருள் ஒருவரான இஸ்மாயில் மெர்ச்சண்ட் பம்பாயில் பிறந்தவர். திரைக்கதை எழுதிய ரூத் பிராவர் ஜாப்வாலா ஜெர்மனியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, 1939இல் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்து வந்த சிறுமி. பின்னர் இந்தியர் ஒருவரை மணந்து டெல்லியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். ஆங்கிலேயரின் பெயர்பெற்ற மன அடக்கத்தை இத்துணை நுணுக்கமாகக் கண்டவர்கள் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்தவர்களே என்பது கருதத்தக்கது.

கதை

டார்லிங்டன் பிரபுவின் பெருமாளிகையில் தலைமைப் பணியாளராக, அதாவது பட்லராக, இருப்பவர் ஸ்டீவன்ஸ். அங்கே இல்லப் பொறுப்பாளராக வேலைக்கு வருபவர் மிஸ் கென்டன். முறையே ஆன்டனி ஹாப்கின்சும் எம்மா தாம்ப்சனும் இப்பாத்திரங்களை ஏற்றுள்ளனர். காலம் 1930கள். முதல் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியை அளவுக்கு மீறித் தண்டித்தது என்று மனம் வருந்துபவர் பிரபு. அந்த நல்லெண்ணமே அவரை மெல்ல மெல்ல நாஜிகளின் கைக்கருவியாக்கிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின், பிரபு அவமானத்துடன் இறந்து, மாளிகை ஓர் அமெரிக்கரின் கைக்கு மாறிய காலத்தில், ஸ்டீவன்ஸ் காரில் புறப்படுகிறார். திருமணமாகி மிசஸ் பென் ஆகிவிட்ட அப்பெண்மணியை மீண்டும் வேலைக்கு அழைப்பது அவருடைய நோக்கம். அவர் தமக்கே சொல்லிக்கொள்ளாத இன்னொரு நோக்கமும் உண்டு என்பதை நாம் எளிதில் உணர்கிறோம்.

அன்பின் மௌனம்

ஸ்டீவன்சின் தகப்பனாரும் பட்லராகவே வாழ்ந்தவர். முதுமையில் மகனின் கீழ் அதே மாளிகையில் வேலை செய்கிறார். பன்னாட்டுப் பிரமுகர்களின் மாநாடு அங்கே நடைபெறும் வேளையில் அவர் மேல்மாடி அறையில் மரணப் படுக்கையில் கிடக்கிறார். தாம் நல்ல தகப்பனாக இருந்தேனா என்ற ஏக்கத்துடன் மகனிடம் பேச முற்படுகிறார். மகனோ வேலை காத்திருப்பதைச் சொல்லி விடைபெறுகிறார். மரணச் செய்தியைக் கொண்டுவந்த மிஸ் கென்டனிடம், இப்போது மேலே வர இயலாது என்கிறார். இறந்தவரின் கண்களை மூடும் கடமையை அவரே நிறைவேற்றுகிறார். பின்னர் வந்து சேர்ந்த மருத்துவரிடம் ஸ்டீவன்ஸ் வேண்டுவது யாது? புண்பட்ட பாதங்களால் துன்புறும் பிரெஞ்சு விருந்தினரைப் பார்க்க வேண்டும் என்பதே. அந்நியரின் பாதத்துக்குக் கிடைத்த பரிவு பெற்ற தகப்பனுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு காட்சி. மங்கிய ஒளியில் தம் அறையில் தனித்துப் படித்துக்கொண்டிருக்கும் ஸ்டீவன்சிடம், அந்த நூல் யாதெனக் காட்டுமாறு மிஸ் கென்டன் கேட்கிறார். அவர் மூலையில் ஒதுங்குகிறார். மிஸ் கென்டன் அருகில் வந்து, நூலைப் பற்றியிருக்கும் விரல்களை ஒவ்வொன்றாக விலக்குகிறார். அது ஒரு சாதாரணக் காதல் கதை. மொழியறிவை வளர்த்துக்கொள்ளவே படிப்பதாக விளக்கம் கூறுகிறார் ஸ்டீவன்ஸ். அவ்வேளையில் ஹாப்கின்சின் கண்கள் அப்பெண்ணின் முகத்தை விட்டு அகலாதிருப்பதை நாம் காண்கிறோம். உடல் அறிந்ததை வாய் மறுக்கிறது.

நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்று இங்கே நம் கருத்தைக் கவர்கிறது. வேறொருவரை மணக்க மிஸ் கென்டன் இசைந்த இரவில், அவர் உள்ளே அழுகிறார் என உறுதியாக நம்பியும் கதவைத் தட்டாமல் வெளியே நின்றதாக நாவலில் ஸ்டீவன்ஸ் நினைவுகூர்கிறார். படத்திலோ அவர் அறைக்குள் நுழைகிறார். அழுகையைக் கண்ணாரக் காண்கிறார். ஒரு மூலையில் தூசி துடைக்கப்படவில்லை என்ற செய்தியை மட்டும் கூறித் திரும்புகிறார். நாவலில் கதவு மூடியிருந்தது. படத்தில் கதவு திறந்திருந்தும் மனிதன் மூடியிருக்கிறான். இம்மாற்றம் மூலநூலுக்குச் செய்த துரோகமன்று. அதன் கருத்தைத் திரைக்கு உரிய முறையில் கூர்மையாக்கியதே என்போம்.

மனச்சாட்சியின் மௌனம்

இதுவரை கூறியவற்றை மட்டும் கொண்டு நோக்கின், ஸ்டீவன்ஸ் இரக்கத்துக்குரிய ஒரு கூச்ச சுபாவி என்றே முடிவு செய்வோம். ஆயின் படத்தின் நடுவே இன்னொரு நிகழ்ச்சி நிற்கிறது. ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடிவந்த இரு யூதப் பெண்கள் மாளிகையில் வேலை செய்கின்றனர். யூத வெறுப்பு நூல்களைப் படித்து மயங்கிய பிரபு, அவ்விருவரையும் விலக்குமாறு கட்டளையிடுகிறார். மிஸ் கென்டன் கொதித்தெழுகிறார். அவர்கள் போனால் தாமும் போவதாகக் கூறுகிறார். ஸ்டீவன்சோ எஜமானின் முடிவை ஆராய்வது நம் வேலையன்று என்கிறார். பெண்கள் அனுப்பப்படுகின்றனர். அகதியாக வந்த ஒரு சிறுமியே வளர்ந்து இத்திரைக்கதையை எழுதினார் என்பதை நினைக்கும்போது, இக்காட்சியின் அடங்கிய குரல் நம்மை உலுக்குகிறது.

மிஸ் கென்டனும் தம் சொல்லைக் காக்கவில்லை. போக்கிடம் இல்லாத அச்சத்தால் தங்கிவிட்டதாகவும், தாம் ஒரு கோழை என்றும் பின்னர் ஒப்புக்கொள்கிறார். இருவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அவர் தவறினார், தவறியதைச் சொன்னார். பிரபுவே மனம் வருந்திய பிறகுதான், தமக்கும் அச்செயல் வேதனை தந்தது என்று ஸ்டீவன்ஸ் தெரிவிக்கிறார். அப்படியானால் அன்று ஏன் சொல்லவில்லை, உணர்வதை ஏன் எப்போதும் மறைக்கிறீர்கள் என மிஸ் கென்டன் வினவுகிறார். இவ்வினா யூதப் பெண்களைப் பற்றியது. அதே வேளையில் காதலைப் பற்றியதும்கூட. இரண்டுக்கும் ஒரே வினா பொருந்துகிறது என்பதில்தான் இப்படத்தின் உட்கருத்து அடங்கியிருக்கிறது. இரக்கமும் சினமும் காதலும் பிறக்கும் ஊற்று ஒன்றே. ஒன்றை அடைத்தவன் மற்றவற்றையும் அடைத்துவிடுகிறான்.

நம் அகப்பொருள் மரபு இவ்வுண்மையை வேறொரு வழியில் அறிந்திருந்தது. களவில் மறைந்திருந்த காதலைத் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், அவள் வழியாக மற்றோர்க்கும் வெளிப்படுத்துவதற்கு நம் இலக்கணத்தார் இட்ட பெயர் ‘அறத்தொடு நிற்றல்’ என்பது. அன்பை உரிய வேளையில் உரியவரிடம் வாய்திறந்து சொல்லுதலை அவர்கள் நாணமின்மை எனக் கொள்ளவில்லை; அறத்தின் பக்கம் நிற்பதாகவே கொண்டனர். ஸ்டீவன்சின் வாழ்வில் இவ்விரு நிற்றல்களும் ஒருங்கே தவறிப்போயின. மாறாக, அதே மாளிகையை விட்டு மணம் செய்துகொள்ள வெளியேறும் லிசி, சார்லி என்னும் இளம் பணியாளர் இருவருக்குக் கையில் பணமில்லை, சொல் இருந்தது.

ஊழியமும் அடிமைத்தனமும்

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். தன்னை மறந்து கடமையாற்றுவது மேலான குணமன்றோ? ஸ்டீவன்சின் தன்மறுப்பு நாம் போதிக்கும் தன்மறுப்பை ஒத்ததன்றோ? மேலும், எஜமானின் தயவில் உண்டு உறங்கிய பணியாளர்க்கு அக்கால இங்கிலாந்தில் எதிர்த்துப் பேசும் உரிமை ஏது? இப்பிற்கூற்றில் நியாயமுண்டு, மிஸ் கென்டனின் அச்சமே அதற்குச் சான்று. ஆனால் ஸ்டீவன்சின் மௌனம் அச்சத்தில் பிறந்ததன்று. அதை அவர் ‘மாண்பு’ என்று அழைத்தார். இந்தியாவில் உணவு மேசையின் கீழ் புகுந்த புலியைச் சுட்டுவிட்டு, விருந்து வழக்கமான நேரத்தில் நடைபெறும் என்று கலங்காமல் அறிவித்த பட்லர் ஒருவரின் கதை அவர்களுக்கு வேதம்போல் விளங்கியது. புலியைக் கொன்றதும் கலங்காதிருப்பது திறமை. தகப்பன் இறந்ததும் கலங்காதிருப்பதை அதே திறமையின் கணக்கில் எழுத முடியுமா?

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் வீட்டு வேலைக்கும் திருப்பணிக்கும் ‘ஊழியம்’ என்ற ஒரே சொல்லை வழங்கிவருகிறோம். ஆகவே இப்படம் நமக்கு எச்சரிக்கையும் ஆகிறது. யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரைப் பணியாளர் நிலையிலிருந்து நண்பர் நிலைக்கு உயர்த்துகிறார். தலைவனின் செயலை அறியாதிருப்பது பணியாளன் நிலை என்பது அங்கே காட்டப்படும் காரணம். ஸ்டீவன்ஸ் அந்த அறியாமையையே தேர்ந்துகொள்கிறார். பிரபுவின் ஞானமகனான இளைஞன் ரெஜினால்ட் கார்டினல், எஜமான் நாஜிகளால் ஏமாற்றப்படுவதைக் காணவில்லையா என்று கெஞ்சிக் கேட்கும்போதும், காண்பது தம் பணியன்று என்றே நிற்கிறார். இயேசுவோ தம் நண்பனின் கல்லறையருகே கண்ணீர் விட்டவர். கோவில் முற்றத்தில் சினந்தவர். தன்னை ஒப்புக்கொடுப்பதற்கு முதலில் தான் என்று ஒருவன் இருந்தாக வேண்டும். உள்ளத்தை வெறுமையாக்கிவிட்டு ஒப்புக்கொடுப்பவனின் காணிக்கைத் தட்டில் என்ன இருக்கும்?

மரண வீட்டில் கலங்காமல் நிற்பவரே தேர்ந்த போதகர், மனைவி மக்களிடம் அன்பைச் சொல்லாதவரே பாரமுள்ள ஊழியர் என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் முற்றிலும் மறையவில்லை. இறையியல் மாணவர் இப்படத்தைக் காண்பது நன்று என நாம் கருதுவது இதனாலேயே.

குறையும் நிறையும்

படத்தில் குறையில்லாமல் இல்லை. வெள்ளிப் பாத்திரங்களின் பளபளப்பு, பச்சைப் புல்வெளி, மெழுகிட்ட படிக்கட்டு ஆகியவற்றைக் கேமரா மிகுந்த காதலுடன் காட்டுகிறது. அடக்கத்தைக் கண்டிக்கும் படம் அவ்வடக்கத்தால் பேணப்பட்ட அழகில் தானே மயங்குகிறதோ என்ற ஐயம் நமக்குண்டு. மாநாட்டில் பிரபுவை எச்சரித்த அமெரிக்கரே பின்னாளில் மாளிகையை வாங்குவதாக அமைத்ததும் கதையைச் சற்று எளிதாக்கிவிடுகிறது. நாவலில் இவ்விருவரும் வெவ்வேறு ஆட்கள்.

ஆயினும் இறுதிப் பகுதியின் நேர்மை இக்குறைகளை மறக்கச் செய்கிறது. பயண வழியில் தம் பழைய எஜமானை அறியேன் என்று மறுத்த ஸ்டீவன்ஸ், பின்னர் ஒரு மருத்துவரிடம் உண்மையைக் கூறுகிறார். தமக்கும் திருத்த வேண்டிய ஒரு தவறு உண்டு என்கிறார். ஆனால் காலம் கடந்துவிட்டது. மிசஸ் பென்னின் மகள் கருவுற்றிருக்கிறாள். தாய் அவளருகே இருந்தாக வேண்டும். மழையில் பேருந்து புறப்படுகிறது. அவர் அழுகிறார்; இவர் தொப்பியை உயர்த்தி விடைகொடுக்கிறார். அப்போதும் அச்சொல் சொல்லப்படவில்லை. மாளிகைக்குள் அகப்பட்ட ஒரு புறாவைப் புதிய எஜமான் சன்னல் வழியே வெளியே விடுகிறார். ஸ்டீவன்ஸ் சன்னலை மூடுகிறார், உள்ளே நின்றபடி.

மனந்திரும்புதலுக்கு வயதில்லை என்று நாம் போதிக்கிறோம், அது மெய். ஆயினும் சில சொற்களுக்கு வேளை உண்டு. அந்த வேளை தவறினால் மனந்திரும்பியவனும் அவற்றைச் சொல்ல ஆளின்றி நிற்பான். இறந்த தகப்பனிடமும், துரத்தப்பட்ட இரு பெண்களிடமும், பேருந்தில் ஏறிப் போய்விட்டவளிடமும் ஸ்டீவன்ஸ் சொல்ல வேண்டியிருந்தவை அத்தகையவை. நம்மில் யாருக்கேனும் சொல்ல வேண்டிய சொல் ஒன்று மீதியிருக்குமானால், அதற்குரியவர் இன்னும் அருகிலிருக்கும்போதே சொல்லிவிடுவது அறமாகும்.