நான்கு டிஸ்க்கும் ஒரு பெட்டகமும்

சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை, பத்து வருஷத்துப் புகைப்படங்களும், என் தகப்பனாரின் குரல் பதிந்த கேசட்டுகளிலிருந்து பிரயாசைப்பட்டு மாற்றிய ஒலிப்பதிவுகளும் அடங்கிய வெளிப்புற ஹார்ட் டிஸ்க், கம்ப்யூட்டரில் செருகியதும் பல்லி சொல்வதுபோல் நான்கைந்து முறை ஒலித்துவிட்டு, அதன்பின் ஒருபோதும் வாய் திறக்கவில்லை. குரல் தங்கையின் பென்டிரைவில் ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தது. புகைப்படங்களில் பாதி போயிற்று. அந்த நஷ்டம் கொடுத்த புத்தியினால், வீட்டிலேயே ஒரு சேமிப்பு சர்வரை என் கையாலேயே கட்டி, ஆறு மாதம் இடைவிடாது ஓட்டிப் பார்த்த அநுபவத்தையே இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய பெட்டகம் கட்டப் புகுவோர் எத்தனை டெராபைட், என்ன வேகம், என்ன விலை என்றே விசாரிக்கத் தொடங்குகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, 'இவற்றுள் ஒன்று சாகும் நாளில் நான் என்ன செய்வேன்?' என்பதே என்பது என் அபிப்பிராயம். டிஸ்க் என்பது நிமிஷத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலும் ஒரு யந்திரம். சுழல்வது ஒருநாள் நிற்கும். இதை முன்னிட்டே, 1988-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும், விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவானவை பலவற்றைச் சேர்த்துக் கட்டலாமென்றும், எண்ணிக்கை பெருகினால் சாவும் பெருகுமாதலால் உபரி டிஸ்க்குகளில் மீட்புக் கணக்கு எழுதிவைப்பது அவசியமென்றும் காட்டி, அம்முறைக்கு ரெய்டு என்று பெயரிட்டனர்.

கேபினெட்டுக்கு ஃப்ராக்டல் டிசைனின் நோட் 304-ஐத் தேர்ந்தேன். மினி ஐடிஎக்ஸ் என்னும் சிறு போர்டைக் கொள்ளும் இப்பெட்டியில், மூன்று தாங்கிகளில் இரண்டிரண்டாக ஆறு டிஸ்க்குகளைத் தொங்கவிடலாம். முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக மூன்று விசிறிகள் அவற்றினூடே காற்றைச் செலுத்துகின்றன. ஓடும்போதே டிஸ்க்கை உருவி மாற்றும் வசதி இதில் இல்லையாயினும், எப்போதோ ஒருமுறை நேரும் காரியத்துக்காக சர்வரை நிறுத்துவதில் வீட்டாருக்குக் கஷ்டமொன்றுமில்லை. போர்டில் இருப்பது இன்டெல் என்100. நான்கு கோர், 6 வாட் என்று குறிக்கப்பட்ட இச்சிறு பிராசஸர், கோப்புகளைக் கொடுத்து வாங்கும் வேலைக்குத் தாராளமாகப் போதும். இவ்வகை போர்டுகளில், டிஸ்க்குகளை இணைக்கும் ஆறு சாட்டா போர்ட்டுகளும் பிராசஸரிலிருந்தே வருவதில்லை; கூடுதல் கன்ட்ரோலர் சிப் ஒன்றே பெரும்பாலானவற்றைத் தருவதால், அது ஒரே போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிபிளையர் அன்று என்பதை உறுதி செய்துகொண்டே வாங்க வேண்டும். பிழை திருத்தும் ஈசிசி ராம் இதில் போட முடியாது என்பதை ஒரு குறையாகவே கொள்கிறேன். அது இன்றியமையாதது என்று கருதுவோர் வேறு போர்டைத் தேடுவதே உசிதம்.

மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஓடும்போது ஆகும் செலவைப் பார்த்து ஏமாறக் கூடாது. சும்மா சுழலும்போது 5 வாட் அளவில் உண்ணும் 3.5 அங்குல டிஸ்க், நின்ற நிலையிலிருந்து எழும்பும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்கும்; ஆறும் ஒருங்கே எழுந்தால் 150 வாட்டை நெருங்கும். நம் வீடுகளிலுள்ள இன்வெர்ட்டரை நம்பியிருப்போர், அதன் பின்புறத்து ஸ்விட்ச் யூபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடல் நன்று. இல்லையேல் மின்சாரம் போகும் ஒவ்வொரு தடவையும் சர்வர் அணைந்து எழும்.

இனி டிஸ்க்குகள். 4 டெராபைட் கொண்டவை நான்கு வாங்கினேன். ஒரே தொகுதியில் பிறந்த குறை ஒரே காலத்தில் தலைகாட்டாமலிருக்க, இரண்டை ஒரு கடையிலும் இரண்டை வேறு கடையிலும், வெவ்வேறு கம்பெனிகளாக வாங்கினேன். இவ்விடத்தில் எஸ்எம்ஆர் என்னும் வகையை விலக்குவது முக்கியம். ஓட்டுக்கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறியிருப்பதுபோல் அதில் தடத்தின்மேல் தடம் ஏறியிருப்பதால், நடுவிலொன்றைத் திருத்த அடுத்துள்ளவற்றையும் திரும்ப எழுத நேர்கிறது. செத்த டிஸ்க்குக்கு மாற்றாகப் புதிதொன்றை நிரப்பும் வேளையில் இத்தாமதம் நாட்கணக்கில் நீளக்கூடும். 2020-இல் இவ்வகை, குறிப்பேதுமின்றி விற்பனையானது வெளிப்பட்டுப் பெரும் சர்ச்சையான பின்னரே, எந்த மாடல் எவ்வகை என்ற பட்டியலை உற்பத்தியாளர்கள் வெளியிட்டார்கள். அப்பட்டியலில், தடங்கள் ஒன்றன்மேலொன்று ஏறாத வகையாகிய சிஎம்ஆர் என்றிருப்பதையே வாங்க வேண்டும்.

நான்கையும் எவ்வாறு அடுக்குவது என்பதில்தான் யோசனை முழுவதும் அடங்கியிருக்கிறது. ட்ரூநாஸ் என்னும் இலவச சாப்ட்வேரும், அதனுள் இயங்கும் இசட்எஃப்எஸ் முறையும் மூன்று வழிகளைக் காட்டின. ரெய்டு-இசட் 1 என்றால் நான்கில் மூன்று பங்கு கிடைக்கும். ஒன்று செத்தால் தாங்கும். ஆனால் ஒன்று செத்த பின், மீதி மூன்றையும் வாசித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். பெட்டகம் நிறைந்திருந்தால் அது 12 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளின் விவரச் சீட்டிலோ, கோடியைக் கோடியால் பெருக்கிய அளவு பிட்டுகளுக்கு, அதாவது 12.5 டெராபைட்டுக்கு, ஒரு வாசிப்புப் பிழை நேரலாமென்று கம்பெனியே எழுதியிருக்கிறது. அது மேல்வரம்பே, விதியன்று; எனினும் கைக்காவல் ஏதுமில்லாத வேளையில் அவ்வரம்பின் விளிம்பில் நடக்க எனக்குத் துணிவில்லை.

மற்ற இரண்டு வழிகளும் பாதி இடத்தையே தருகின்றன. இரண்டிரண்டாக ஜோடி சேர்க்கும் மிரர் முறை, நிரப்பும்போது ஜோடியை மட்டும் வாசிப்பதால் விரைவானது. ஆயினும், நான்கில் இரண்டு சாவதற்குரிய ஆறு சேர்க்கைகளுள், ஒரே ஜோடியின் இரண்டும் போகும் இரண்டு சேர்க்கைகள் சர்வநாசம். எந்த இரண்டு செத்தாலும் தாங்கும் ரெய்டு-இசட் 2-க்கோ ஆறில் எதுவும் நாசமன்று. 2025 ஜனவரியில் வெளியான ஓபன்இசட்எஃப்எஸ் 2.3, ரெய்டு-இசட் அடுக்கில் பின்னர் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்க இடங்கொடுத்துவிட்டதால், காலியாயுள்ள இரண்டு இடங்களையும் நிரப்பும் நாளில் இப்பாதி, ஆறில் நான்காக உயரும். முன்னர் எழுதியவை மட்டும் மறுபடி எழுதும்வரை பழைய விகிதத்திலேயே இருக்கும். ஆகவே ரெய்டு-இசட் 2 என்று நிர்ணயித்தேன். பாதி மீட்புக் கணக்குக்குப் போக, மீதியிலும் கம்பெனிக்கு ஆயிரம் ஆயிரமாகவும் கம்ப்யூட்டருக்கு 1,024 ஆகவும் கணக்கு நடப்பதால், 16 என்று வாங்கியது திரையில் 7-க்குச் சிறிது மேலாகவே தெரிந்தது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிகாபிட் ரவுட்டர் வழியே விநாடிக்கு 110 மெகாபைட் போய் வந்தது. கிகாபிட் கம்பியின் எல்லையே 125 ஆகையால், கேஷுக்கென எஸ்எஸ்டி வாங்குவது இங்கே வீண்செலவு. இரண்டாம் வாரத்தில், மூன்றாவது டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 199 என்ற இலக்கமிட்ட சிஆர்சி பிழை எண் 37 என்று காட்டவே, புது டிஸ்க் கெட்டதென்று கலங்கிக் கடைக்குப் புறப்பட்டவன், ஏதோ தோன்றி, அதன் சாட்டா கேபிளை அடுத்த டிஸ்க்குக்கு மாற்றிப் பார்த்தேன். பிழை கேபிளோடு போயிற்று. கேபிளை எறிந்தேன். அந்த எண் 0-க்குத் திரும்புவதில்லை; உயராமல் நின்றாலே போதும்.

பிறகு வேண்டுமென்றே ஒத்திகை பார்த்தேன். சர்வரை நிறுத்தி, ஒரு டிஸ்க்கைக் கழற்றி மறுபடி ஓட்டியபோது, எச்சரிக்கை வந்ததேயன்றி, ஹாலில் படம் ஓடத் தடையேதும் நேரவில்லை. வேறு டிஸ்க்கைப் பொருத்த, ஒன்றரை டெராபைட் சரக்குக்கான பங்கை மூன்று மணி நேரத்துக்குள் நிரப்பிவிட்டது. சாப்ட்வேர் சொல்லும் மூன்றாவதும் பெட்டிக்குள் மூன்றாவதாகத் தொங்குவதும் ஒன்றல்ல என்ற பாடத்தையும் அன்றே கற்றேன். நல்லதை உருவிவிடாதிருக்க, ஒவ்வொரு தாங்கியிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் வாங்கிய தேதியையும் எழுதிய சீட்டை ஒட்டினேன்.

திருகாணி பிடிக்கவும், எழுதியவை எல்லாவற்றையும் வாசித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை மாதம் ஒருமுறை ஓட்டி அறிக்கை வாசிக்கவும் பொறுமையுள்ளவர்களுக்கு இப்பெட்டகத்தைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்; மற்றவர்கள் கடையில் கட்டி முடித்தே கிடைக்கும் நாஸ் என்னும் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்குவதே மேல். ஆனால் ரெய்டு பேக்கப் ஆகாது. தவறி அழித்ததை அது நான்கிலும் சேர்த்தே அழிக்கும். இடி விழுந்தால் நான்கும் சேர்ந்தே கருகும். களத்து நெல் எவ்வளவு குதிரில் நிறைந்தாலும் விதைநெல்லைக் குடியானவன் தனியே கட்டிவைப்பதுபோல், தகப்பனாரின் குரல் இன்னும் தங்கையின் வீட்டிலேயே, புது பென்டிரைவில், ஒரு பிரதியாக இருக்கிறது. பெட்டிக்குள் ஒட்டிய அந்த நான்கு சீட்டுகளில் ஒன்றை என்றேனும் கிழிக்கத்தான் வேண்டும். அன்று கை நடுங்காதிருப்பதற்கே இத்தனை ஏற்பாடும்.