மனோரமாவின் நகையும் அழுகையும்

கலைஞர் ஒருவரைப் போற்றப் புகுவோர், அவர் எத்தனை படங்களில் நடித்தார் என்று எண்ணத் தொடங்கிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. 2015 அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் தம் 78-ஆம் வயதில் மறைந்த நடிகை மனோரமாவைப் பற்றிய பாராட்டுரைகள் பெரும்பாலும் இவ்வகையினவே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். மேடையிலும் திரையிலும் ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தார். 2002-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவை யாவும் உண்மை. ஆயினும் இப்பாராட்டு, நெல் அளக்கும் மரக்காலால் பொன்னை அளப்பதை ஒக்கும். அவர் எதனைச் சிறப்பாகச் செய்தார், எதனைச் செய்ய அவருக்கு இடம் தரப்படவில்லை என்னும் இரு வினாக்களுக்கும் இக்கணக்கில் விடை இல்லை.

மேடை தந்த கல்வி

மன்னார்குடியில் 1937-இல் பிறந்த கோபிசாந்தா என்னும் சிறுமி, தந்தையின் ஆதரவை இழந்த தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தாள். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். மகள் பன்னிரண்டாம் வயதில் நாடக மேடை ஏறினாள். மேடையே அவளுக்கு மனோரமா என்னும் பெயரையும் தந்தது. பின்னர் எஸ். எஸ். இராசேந்திரனின் நாடக மன்றத்தில் பயின்றார். 1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் கிடைத்தது. 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'கொஞ்சும் குமரி'யில் கதைத்தலைவியானார். அதன்பின் அத்தகைய வாய்ப்பு அவருக்கு அரிதாகவே வாய்த்தது.

அவருக்கு முன்னரும் டி. ஏ. மதுரம், டி. பி. முத்துலட்சுமி முதலிய நகைச்சுவை நடிகையர் புகழ்பெற்றிருந்தனர். எனினும் நகைச்சுவை நடிகர் ஒருவரின் இணையாகவே அவர்களை மக்கள் நினைத்தனர். மனோரமாவும் நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் எனப் பலரோடு இணைந்து நடித்தவரே. ஆனால் எவருடைய இணையாகவும் நின்றுவிடாமல், தம் பெயரே போதும் என்னும் நிலையை எய்தினார். இதற்குக் காரணம் என்ன?

திசைச்சொல்லின் உரிமை

செய்யுளுக்குரிய சொற்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். அவற்றுள் ஒன்று திசைச்சொல். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தார் வழங்கும் சொல்லையும் இலக்கணம் புறந்தள்ளவில்லை. அந்த உரிமையைப் பிற்காலத்துப் பள்ளிக்கூடத் தமிழ் மறந்தது. வட்டார வழக்கெல்லாம் கொச்சை என்று ஒதுக்கப்பட்டது. திரைப்படமோ அதனைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தியது.

மனோரமாவின் செவி அவ்வழக்குகளை ஒன்றோடொன்று மயங்காமல் பிரித்தறிந்தது. செட்டிநாட்டுப் பேச்சு அவருக்கு 'ஆச்சி' என்னும் பட்டத்தை ஈட்டித் தந்தது. 1967-இல் வந்த பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிப் பெண் முத்தம்மாவானார். அடுத்த ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைச் சேரித் தமிழில் தம் சொந்தக் குரலிலேயே பாடினார். 1992-இல் 'சின்னக் கவுண்டர்' படத்தில் கொங்கு நாட்டுக் கிழவியின் நாக்கு அவருடையதாயிற்று. இவற்றில் சொல் மட்டுமன்று, மூச்சு விடும் இடமும், கை அசையும் அளவும், நிற்கும் நிலையும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதைக் காணலாம். பிறர் வழக்கைப் பழிப்புக்காட்டுவது எளிது. அவ்வழக்கிலேயே சிந்திக்கும் ஒருத்தியைக் கண்முன் நிறுத்துவது அரிது. அவர் இரண்டாவதைச் செய்தார்.

நகைக்குள் அழுகை

எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகை தோன்றும் நிலைக்களங்கள் என்பது மெய்ப்பாட்டியல். இழிவு, இழப்பு, நிலை தளர்தல், வறுமை ஆகியவை அழுகைக்கு உரியவை. திரைக்கதை எழுதியோர் மனோரமாவிடம் கேட்டது பெரும்பாலும் எள்ளலும் பேதைமையுமே. அவர் திருப்பித் தந்ததில் இழிவும் வறுமையும் கலந்திருந்தன.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்து ஜில் ஜில் ரமாமணி தக்க சான்று. ஊர் ஊராகச் செல்லும் நாடகக்காரியாகிய அவளைக் கண்டதும் அவையோர் சிரிக்கின்றனர். அவளுடைய பகட்டும் பேச்சும் அத்தகையன. ஆனால் சண்முகசுந்தரத்தின் நாதசுரத்தை அவள் மதித்துப் பேசும்போது, பெருங்கலைஞனின் முன் நிற்கும் சிறு கலைஞரின் ஏக்கம் வெளிப்படுகிறது. பள்ளத்தூரில் நாடகமாடிய பெண்ணுக்கு அந்த ஏக்கத்தை எவரும் கற்பித்திருக்க வேண்டுவதில்லை.

1986-இல் விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படத்து வேலைக்காரி கண்ணம்மாவும் இத்தகையவளே. வாயாடியாகத் தோன்றும் அவள், குடும்பத்தார் பேச அஞ்சுவதைப் பேசி, பிரிந்தவர் சேர வழிசெய்கிறாள். அவள் சிரிக்க வைக்கிறாள். ஆனால் அவளைப் பார்த்து எவரும் ஏளனமாகச் சிரிப்பதில்லை. நடிகையின் தாய் செய்த தொழிலையே கண்ணம்மா செய்கிறாள் என்பதை நினைப்போர்க்கு அவளது பெருமிதத்தின் வேர் விளங்கும். 'புதிய பாதை' (1989) படத்துக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தபோது, அவருக்குத் திரைவாழ்வில் முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

குறையும் கூறுதல் முறை

எல்லாம் சிறந்தன என்று கூறுவது திறனாய்வு ஆகாது. பிற்காலத்து அன்னை வேடங்களில் ஒரே ஓலமும் ஒரே ஒப்பாரியும் திரும்பத் திரும்ப வந்தன. 'சின்னக் கவுண்ட'ரில் பொய்ப்பல் பொருத்திக் கிழவியின் முகத்தையே நகைப்பொருளாக்கினர். 'நடிகன்' (1990) படத்தில் மணமாகாத முதுமகளின் ஆசையைக் கேலிக்குரியதாக்கினர். பின்னர் நடித்த தொலைக்காட்சித் தொடர்களும், தெரிந்த ஆச்சியையே பெரும்பாலும் மீண்டும் காட்டின. இக்குறையில் அவருக்கும் பங்குண்டு. வந்த வேடம் எதையும் மறுக்காத உழைப்பு அவருடையது. ஆயினும் பெரும்பங்கு திரைத்தொழிலுக்கே உரியது. அழகிய இளநங்கைக்கு மட்டும் கதையைத் தந்து, ஏனைய பெண்களுக்குக் காட்சியை மட்டும் தரும் தொழில் அது. ஆயிரம் படங்கள் என்னும் எண், அவருக்கு உரிய ஒரு முழுக் கதையை எழுத எவரும் முன்வராமையையும் சேர்த்தே சொல்கிறது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய நம் முன்னோர் தஞ்சை, திருச்சி, சேலம் எனப் பல வட்டாரத்தினர். தோட்டத்து லயங்களில் அவர்களுடைய பேச்சுகள் ஒன்றோடொன்று கலந்தன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மறந்து, வீட்டில் ஒரு தமிழும் ஏட்டில் ஒரு தமிழுமாக வளர்ந்தனர். பாட்டிமார் மறைந்தபின் அவ்வழக்குகளைக் கேட்க இடமில்லை. தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்ட இந்நாளில், அப்பேச்சைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர் மனோரமாவின் படங்களில் நான்கைந்தைத் தேர்ந்து போட்டுக் காட்டலாம். பிள்ளைகள் முதலில் சிரிப்பர். எதற்குச் சிரித்தோம் என்று அவர்களை எண்ணிப் பார்க்கச் செய்வது ஆசிரியரின் வேலை.