மறுமொழி பெறாக் காதல்: தமிழ்த் திரைப்படங்களில் ஆண்மையும் பெண்ணின் மறுப்பும்

முன்னுரை

2016 சூன் மாதம் சென்னை நுங்கம்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, தமிழ்த் திரைப்படக் காதலை இளைஞர்கள் எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்ற வினா பொதுவெளியில் கூர்மையாக எழுந்தது. பெண்ணைப் பின்தொடர்வதைக் காதலாகக் காட்டும் படங்களே வன்முறைக்குக் காரணம் என்று ஒரு சாரார் வாதிட்டனர். திரைப்படம் சமூகத்தின் கண்ணாடி மட்டுமே என்று மற்றொரு சாரார் மறுத்தனர். ஒரு படத்திற்கும் ஒரு குற்றத்திற்கும் நேரடித் தொடர்பை நிறுவுதல் அரிது. ஆயினும், பெண்ணின் மறுப்பை எவ்வாறு வாசிக்குமாறு படங்கள் இளைஞனைப் பழக்குகின்றன என்பதை ஆராய இயலும். அதனை நான்கு படங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கண மரபில் ஒருதலைக் காமம்

ஒருதலைக் காமம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதனைக் கைக்கிளை என வகுத்து, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கிறது. அந்நூல் கூறும் கைக்கிளையில், காமப் பருவம் எய்தாத இளையவளிடம் ஆண் பேசுகிறான், மறுமொழி பெறுவதில்லை, தானே சொல்லி இன்புறுகிறான். அவ்வாறே, மடலேறுவேன் என மொழிதல் களவொழுக்கத்திற்குள் இடம்பெற, மடலேறிய செயல் பெருந்திணையுள் வைக்கப்படுகிறது. இம்மரபை இன்றைய அறத்திற்கு முன்மாதிரியாகக் கொள்ளுதல் பொருந்தாது. இளையவளிடம் காமம் உரைத்தலும், ஊரறியச் செய்வேன் என்று நெருக்குதலும் ஏற்கத்தக்கன அல்ல. எனினும் அம்மரபு சொல்லுக்கும் செயலுக்கும் இடையே எல்லை வகுத்தது. மறுமொழியின்றி முடியும் காதலுக்கும் ஓரிடம் அளித்தது.

மறுப்பின் நான்கு வடிவங்கள்

‘ஒருதலை ராகம்’ (1980) படத்தின் நாயகி, நாயகனை விரும்பியும் மௌனம் காக்கிறாள். தன் குடும்பத்தின்மீது ஊர் சுமத்திய பழியே அதற்குக் காரணம். அவள் மனம் திறக்க வரும்போது அவன் உயிருடன் இல்லை. மௌனத்தின் சமூகக் காரணத்தைக் காட்டியது இப்படத்தின் வலிமை. பெண்ணின் மௌனத்திற்குள் காதல் இருந்தே தீரும் என்ற நம்பிக்கைக்கு இடமளித்தது அதன் மறுபக்கம்.

‘சேது’ (1999) படத்தில் நாயகன் பெண்ணைக் கடத்திச் சென்று, அச்சுறுத்தித் தன் காதலை உரைக்கிறான். அதன் பின்னரே அவள் அவனை விரும்பத் தொடங்குகிறாள். பிற்பகுதியில் அவன் மனம் சிதைந்து படும் துயரம் பார்வையாளனின் இரக்கத்தை முழுமையாகப் பெற்றுவிடுவதால், முற்பகுதியின் வன்முறை விசாரணையின்றிக் கழிகிறது. துன்புறும் ஆணே தூய காதலன் என்ற சமன்பாடு இங்கு உறுதிப்படுகிறது. 2011இல் ‘கொலவெறி’ பாடலோடு பரவிய ‘சூப் பாய்ஸ்’ என்ற தொடர் இதனையே நகைச்சுவையாக்கியது. மறுக்கப்பட்ட ஆண்கள் பாதிக்கப்பட்டோராக ஒன்றுகூட, மறுத்த பெண் குற்றவாளியாகிறாள்.

‘ரெமோ’ (2016) படத்தில் அடிதடியால் அல்லாமல் வஞ்சனையால் காதல் கைகூடுகிறது. வேறொருவனுடன் மணம் உறுதிசெய்யப்பட்ட பெண்ணை, செவிலி வேடமிட்டு நெருங்குகிறான் நாயகன். அவளுடைய முடிவு இங்கு கடக்கவேண்டிய தடை; விடாமுயற்சியே ஆண்மையின் அளவுகோல்.

இவற்றுக்கு மாற்றாகக் கருதத்தக்கது ‘96’ (2018). இராமின் கண்ணியம், தொலைவு பேணல், தொடாமை ஆகியன வேறோர் ஆண்மையை முன்வைக்கின்றன. கல்லூரியில் ஜானுவைக் காணச் சென்ற அவன், அவள் சந்திக்க மறுத்ததாக அறிந்ததும் திரும்பிவிடுகிறான். ஆனால் தன்னைத் தொல்லைப்படுத்தும் வேறொருவன் என்றெண்ணியே அவள் மறுத்தாள் என்பது பின்னர்த் தெரிகிறது. மறுப்பை மதித்த ஆணுக்கு வாய்த்தது வாழ்நாள் இழப்பு. அந்த மறுப்போ மெய்யான மறுப்பே அன்று.

முடிவுரை

இந்நான்கு படங்களிலும் பெண்ணின் மறுப்பு அவளுடைய இறுதிச் சொல்லாக நிற்கவில்லை. அது முறையே மறைந்திருக்கும் காதலாகவும், தணிக்கத்தக்க அச்சமாகவும், கடக்கத்தக்க தடையாகவும், நேர்ந்துவிட்ட பிழையாகவும் பொருள் பெறுகிறது. எனவே நாயகன் முரடனா மென்மையானவனா என்று மட்டும் வினவும் திறனாய்வு போதாது. அவள் ‘வேண்டாம்’ என்ற பின் கதைக்கு என்ன நேர்கிறது என்பதே முதன்மையான வினா. மறுமொழி பெறாதவன் தோற்றவனும் அல்லன், தியாகியும் அல்லன். விருப்பம் ஏற்கப்படாத ஒரு மனிதன், அவ்வளவே. அவ்வியல்பான நிலையைச் சித்திரிக்கும் காதற்கதை, இளைஞர்க்கு ஆண்மையின் வேறொரு பொருளைக் காட்டவல்லது.