1,500 மணி: ஓர் அளவுகோலின் தகுதி

2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகரை நெருங்கிக்கொண்டிருந்த கோல்கன் 3407 விமானம் வேகம் இழந்து வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். வேகம் குறைந்ததைக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டிய கேப்டன் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். இதையடுத்து அமெரிக்க நாடாளுமன்றம் 2010இல் சட்டம் இயற்றியது. 2013 முதல், பயணிகள் விமானத்தின் வலது இருக்கையில் அமரும் துணை விமானிக்கும் 1,500 மணிப் பறப்பு கட்டாயமாயிற்று. அதுவரை ஏறத்தாழ 250 மணி போதுமாக இருந்தது. கோல்கன் கேப்டனின் கணக்கில் 3,300க்கு மேல், துணை விமானியின் கணக்கில் 2,200க்கு மேல் மணிகள் இருந்தன. புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரும் அதில் தேறியிருப்பார்கள்.

இந்தப் பொருத்தமின்மையை மட்டும் சுட்டி விதியைத் தள்ளுவது எளிது, நியாயமாகாது. பிறந்த சந்தர்ப்பம் தவறாக இருந்தும் விளைவால் தகுதி பெற்ற விதிகள் உண்டு. 250 மணியோடு உரிமம் வாங்கிய இளைஞர் மீதி 1,250ஐ எங்கே, எப்படிச் சேர்க்கிறார் என்பதை வைத்தே இதை எடைபோட வேண்டும்.

முதலில் எண்ணின் உள்ளமைப்பு. 1,500இல் நெடுந்தொலைவுப் பறப்பு 500, இரவுப் பறப்பு 100, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 75. விமான நிறுவனத்தில் அன்றாடம் கைகொடுக்கும் திறன் இந்தக் கடைசிதான். அதற்கு நூற்றில் ஐந்து பங்கு. இருவர் வேலையைப் பகிர்ந்து ஓட்டும் காக்பிட்டில் ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. அந்தக் குறைக்கென வைத்த பாடநெறியில் சிமுலேட்டருக்கு 10 மணி. இன்னொன்று: சொந்த எஞ்சினில் விமானம் நகரத் தொடங்கியதுமே கணக்கு தொடங்கிவிடும், ஓடுபாதைக்கு வெளியே வரிசையில் காத்து நிற்பதும் லாக்புக்கில் அனுபவம்தான்.

பெரும்பாலோர் எடுக்கும் வழி பயிற்றுநர் வேலை. இதன் நிறை குறைவானதன்று. மாணவர் செய்யப்போகும் தவற்றைக் கைகள் பார்த்து முன்னறிவதும், எப்போது தலையிடுவது, எப்போது விட்டுப் பிடிப்பது என்று நொடியில் தீர்மானிப்பதும் பின்னாளில் கேப்டனுக்கு வேண்டிய குணங்கள். இறக்கை தூக்குவிசை இழக்கும் ‘ஸ்டால்’ நிலையை வாரந்தோறும் காட்டி மீட்பவர், தண்டு அதிரும்போது அதை இழுக்கமாட்டார் என்று எதிர்பார்க்க இடமுண்டு. குறை இரண்டு. ஒரே விமானதளத்தைச் சுற்றி, நல்ல வானிலையில், ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் கழியும் ஆயிரம் மணியில் புதிதாகக் கற்பது முதல் சில நூறோடு தேய்ந்துவிடும். அதைவிடக் கனமானது, இந்த ஏற்பாட்டின் செலவு மாணவர் தலையில் விழுவது. கணக்கு நிறைந்த மறுநாளே போகக் காத்திருக்கும் ஒருவரிடம் அடுத்த தலைமுறை அடிப்படை கற்கிறது. நிலைத்துக் கற்பிக்கும் மூத்த பயிற்றுநர் மரபை இந்த விதி அரித்துவிட்டது என்பது என் கணிப்பு. அதன் ஆதரவாளர்கள் இதற்கு விடை சொன்னதில்லை.

கடற்கரை மீது விளம்பரப் பதாகை இழுப்பது, பாராசூட் வீரர்களை ஏற்றி இறக்குவது, எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைத் தாழப் பறந்து கண்காணிப்பது ஆகியவை கையும் காலும் பழகும் வேலைகள். தரையில் விரித்த பதாகையைக் கொக்கியால் பற்றி மேலேறும்போது விமானம் ஸ்டாலின் விளிம்பில் நிற்கும். அதை உணராதவர் நிலைப்பதில்லை. ஆனால் இவை பெரும்பாலும் பகல் வெளிச்சத்துப் படிப்பு. இரவில், மழையில், தனியாளாகச் சரக்கு ஏற்றிச் செல்வதே மிகச் செறிந்த அனுபவம். அங்கே முரண்: கருவிப் பறப்புச் சரக்கு வேலைக்குக் கேப்டனாகவே 1,200 மணி வேண்டும். சிறந்த பள்ளியின் கதவு, படிப்பு முடியும் தறுவாயில்தான் திறக்கிறது.

தாழ்ந்த வழிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இருவர் ஒரு செஸ்னாவை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒருவர் பார்வையை மறைத்து ஓட்ட, மற்றவர் பாதுகாப்பு விமானியாக வெளியே பார்க்கிறார். அந்த நேரத்தை இருவருமே தலைமை விமானி நேரமாக எழுதிக்கொள்ள அமெரிக்க விதி இடமளிக்கிறது. ஒரு மணிப் பெட்ரோல், இரண்டு மணி அனுபவம். அளவுகோலின் ஓட்டைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். காசு கொடுத்து ஜெட்டின் வலது இருக்கையை வாங்கும் திட்டங்கள் வேறு நாடுகளில் நடந்தன. அங்கே துணை விமானி வாடிக்கையாளராகிவிடுகிறார். வாடிக்கையாளரைத் தேறாதவர் என்று யார் சொல்வார்?

எதிர்முனையில் 2006இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்ற பலர்-குழு விமானி உரிமம். சிமுலேட்டரும் சேர்த்து 240 மணி. தொடக்கம் முதல் இருவர் காக்பிட் ஒழுங்கு. மணிக்குப் பதில் திறனே அளவு. முறைமையில் இதற்கு நிகரான ஒத்திசைவு அமெரிக்க விதியில் இல்லை. ஆனால் யாருமில்லாத வானத்தில், தன் முடிவுக்குத் தானே பொறுப்பாகத் திரும்பிவிடலாமா, தொடரலாமா என்று தவித்த நேரம் அந்த விமானிக்கு மிகச் சொற்பம். பயிற்றுவித்த நிறுவனம் நொடித்தால் அவர் உரிமமும் ஏறக்குறைய அந்தரத்தில்.

தீர்ப்புக்கு வருவோம். 2009க்குப் பின் ஏறத்தாழ 16 ஆண்டுகள் அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் பெரும் உயிரிழப்பு நிகழவில்லை என்பது விதியின் வலுவான சாட்சி. ஆனால் அதே காலத்தில் ஓய்வு நேர விதிகளும், ஸ்டால் மீட்புப் பயிற்சியும் வந்தன. பெருமையை எண் ஒன்றே எடுத்துக்கொள்ள முடியாது. 2019இல் ஹூஸ்டன் அருகே வீழ்ந்த அட்லஸ் 3591 சரக்கு விமானத்தின் துணை விமானிக்கு 5,000க்கு மேல் மணிகள்; அவர் பயிற்சிகளில் மீண்டும் மீண்டும் தோற்றது மட்டும் நிறுவனத்துக்கு முழுமையாகத் தெரியவில்லை. அந்த வரலாற்றைத் திரட்டும் பதிவகத்தை 2010 சட்டமே கேட்டிருந்தது. அதற்கான இறுதி விதி 2021இல்தான் வந்தது. எண்ணுக்குக் கிடைத்த அவசரம் பதிவுக்குக் கிடைக்கவில்லை. இராணுவ விமானிகளுக்கு 750, விமானவியல் பட்டதாரிகளுக்கு 1,000 என்ற சலுகைகள், பயிற்சியின் தரம் மணிக்கு ஈடாகும் என்று விதியே ஒப்புக்கொள்வதைக் காட்டுகின்றன. ஒப்புக்கொண்டபின் மற்றவர்க்கு மட்டும் 1,500 ஏன்? நோக்கில் தேர்ச்சி, அளவில் தோல்வி என்றே இதை மதிப்பிடுகிறேன். 750 மணி, அதில் கருவிப் பறப்பு 150, தோல்விகளை மறைக்காத பதிவேடு என்றிருந்தால் கடுமை குறைந்திருக்காது.

இந்தியாவில் 200 மணியோடு வணிக உரிமம் பெற்றவர், விமான வகைக்கான தனிப் பயிற்சிக்குப்பின் ஏ320 விமானத்தின் வலது இருக்கைக்குப் போகிறார். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் அமெரிக்க எண்ணை இங்கே கொண்டுவரக் குரல் எழுவதுண்டு. அதை ஏற்க முடியாது. பதாகை இழுப்பவரோ, குழாய்ப் பாதை கண்காணிப்பவரோ பெருகாத, சிறு விமான உலகம் மெலிந்த நாட்டில் மீதி 1,300 மணியை எங்கே பறப்பது? 2011இல் பறக்காத மணிகளைக் கணக்கில் ஏற்றிய பயிற்சிப் பள்ளி ஊழல் வெளிப்பட்டது. அப்போது தேவைப்பட்டது வெறும் 200.