விரலளவு மீன் குஞ்சுதானா?

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முந்திய கோடையில், தென்காசிப் பக்கம் சிற்றாற்றைப் பார்த்திருக்கிறீர்களா? நீரோட்டம் சுருங்க, பரவித் திரிந்த கெண்டைகள் மடுக்களில் நெருங்கிக் கிடக்கும். அங்கே விரலளவு மீனைக் கண்டால் 'குஞ்சு' என்று சொல்லிவிடுகிறோம். அது குஞ்சுதானா?

இக்கேள்வியுடன் பிரான்சிஸ் டே எழுதிய 'இந்திய மீன்கள்' (1875-78) என்னும் பெருநூலைப் புரட்டுவோம். சென்னைப் படையில் மருத்துவராயிருந்த டே, மீன்களின் துடுப்பு முட்களையும் செதில்களையும் எண்ணினார். நிறத்தையும் வாழிடத்தையும் குறித்தார். பலவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் தந்தார். இனம் காண இன்றும் உதவும் நூல் இது. ஆனால் வளர்ச்சி பற்றிப் பெரும்பாலும் கிடைப்பது, 'இத்தனை அங்குலம் வளரும்' என்ற ஒரே வரிதான். எத்தனை நாளில்? எவ்வளவு நெரிசலில்? விடை இல்லை.

நெரிசல் மிகுந்தால் ஒவ்வொரு மீனுக்கும் கிடைக்கும் இரை குறைகிறது, வளர்ச்சி தளர்கிறது. 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த திலேப்பியாவை, அதாவது நம் 'ஜிலேபிக் கெண்டை'யை, எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தில் பெருகி நெருங்கியதும் அது குள்ளமாகவே நின்று, அந்தச் சிற்றளவிலேயே இனப்பெருக்கம் செய்கிறது. பார்வைக்குக் குஞ்சு, உண்மையில் தாய்!

எல்லா மீனும் இப்படியல்ல. கொசுப்புழுவைத் தின்னத் தொட்டிகளில் விடுகிறோமே, அந்தக் கப்பி மீனின் தாயகங்களுள் ஒன்று டிரினிடாட் தீவு. அங்கே 1976இல் எண்ட்லர், பெரிய கொன்றுண்ணி மீன்கள் வாழும் பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, எதிரி குறைந்த ஓடைக்கு மாற்றினார். 11 ஆண்டுகளில் அவற்றின் சந்ததி தாமதமாக, பெரிய உடலுடன் பருவமடைவதாக மாறிவிட்டது என்று ரெஸ்னிக் குழுவினர் 1990இல் அறிவித்தனர். மாற்றம் பரம்பரையில் பதிந்திருந்தது. எதிரி குறைந்த ஓடைகளில் கப்பிகள் நெருங்கி வாழ்கின்றன. அந்த நெரிசலுக்கும் இம்மாற்றத்தில் பங்குண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆகவே நீளம் மட்டும் வயதைச் சொல்லாது, பருவத்தையும் சொல்லாது. இதற்காக டேயைக் குறைகூறுவது முறையன்று. மீனின் செவிக்கல்லில் நாள்தோறும் படியும் வளையங்களைப் பனெல்லா எடுத்துக்காட்டியதே 1971இல்தான். இன்னமும் அளவுகோலுடன் நின்றுவிடும் நம்மிடம்தான் குறை.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. மீன் சிறுத்ததற்கு நெரிசல் காரணமாயிருக்க, 'மீன் குறைந்துவிட்டது' என்று மேலும் குஞ்சுகளை விட்டால் நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுத்ததாகும். பெரிய மீன்களை ஓயாமல் பிடித்ததால் சிறியவை மட்டும் எஞ்சியிருந்தால் மருந்து வேறு. அடுத்த முறை சிற்றாற்று மீனை அளக்கும் மாணவரே, நீளத்துடன் வயதையும், அந்த மடுவில் எத்தனை மீன்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.