வலது ஓரத்துப் பையன்

கிள்ளானிலிருந்து ஓர் அப்பா அழைத்திருந்தார். மகனுக்குப் பதினெட்டு வயது. ஒரு காற்பந்துக் கிளப்பின் இளையோர் அணியில் எடுத்திருக்கிறார்கள், வலது ஓர ஆட்டக்காரன். "அண்ணே, நூறு மீட்டர்ல இவனப் புடிக்க ஸ்கூல்ல ஆளே இல்ல. சூப்பர் லீக் ஆடிடுவான்ல?" என்றார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இரண்டு ஆட்டங்கள் பார்த்துவிட்டேன். பதிலுக்கு முன் கொஞ்சம் சுற்றி வருகிறேன். அப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேகத்துக்கு விலை வைப்பதை அமெரிக்கர்களைப் போல யாரும் பகிரங்கமாகச் செய்வதில்லை. அவர்களுடைய காற்பந்து வேறு. முட்டை வடிவப் பந்து, பெரும்பாலும் கை வேலை. கல்லூரி ஆட்டக்காரர்களை 32 தொழில்முறை அணிகள் ஏழு சுற்றுகளில் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். அதுதான் டிராஃப்ட். அதற்கு முன் பையன்களை 40 கஜம் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். ஓரத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்கும் 'வைட் ரிசீவர்'களுக்கு அந்த நேரம்தான் ஜாதகம். 2017-இல் ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடி அந்தச் சோதனையின் சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி அணி ஒன்பதாவது ஆளாக அவரை எடுத்தது. முதல் பருவத்தில் அவர் பிடித்த பந்துகள் பூஜ்யம். காயங்கள் படுத்தியதும் உண்டு, பழி முழுவதையும் அவர்மேல் போட முடியாது. ஆனால் 2023-இல் பூக்கா நக்குவா என்பவர் ஐந்தாம் சுற்றில், 177-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். முதல் பருவத்திலேயே 105 பந்துகள், 1,486 கஜம். இரண்டுமே எந்தப் புதுமுகமும் அதுவரை எட்டாத எண்ணிக்கை.

கடிகாரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது.

நம் திடல்களிலும் அதே கதைதான். பள்ளி ஆட்டத்தில் எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரன் பந்தைப் பார்த்ததும் பாய்ந்து ஒட்டுவான். ஒட்டியவனைத் தாண்டிப் பந்தைத் தள்ளிவிட்டு ஓடினால் போதும், பின்னால் வயல்வெளி மாதிரி இடம் கிடக்கும். தொழில்முறை ஆட்டத்தில் அந்தத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒட்டவே மாட்டார். மூன்று மீட்டர் விட்டு நிற்பார், உடம்பைச் சற்றுத் திருப்பி, "வா, கோட்டோரம் போ" என்று வழிகூடக் காட்டுவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் காத்திருப்பார். ஓடுவதற்கு இடமே இல்லாதபோது வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்ளே வெட்டத் தெரிய வேண்டும், ஒரே தொடுதலில் பந்தைத் திருப்பிக் கொடுக்கத் தெரிய வேண்டும், முக்கியமாக நிற்கத் தெரிய வேண்டும். முழு வேகத்தில் வந்து சட்டென்று நின்றால், துரத்தி வருபவர் இரண்டு அடி கடந்து போய்விடுவார். அந்த இரண்டு அடிதான் சம்பளம். "பையன் ஓட்டத்தப் பாருங்க" என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "பையன் நின்னதப் பாருங்க" என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எஸ். குணாளனை நினைத்துப் பாருங்கள். நெகிரி செம்பிலானில் வலது ஓரத்தில் பறந்தவர். 2010-இல் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணத்தை வென்றபோது அந்தக் குழுவில் இருந்தவர். டிசம்பர் 26 இரவு புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று சாய்த்ததை இன்றும் பிரிக்பீல்ட்ஸில் யாரிடம் கேட்டாலும், நேரில் பார்த்தேன் என்பார்கள். அத்தனை பேரும் உள்ளே இருந்திருந்தால் கேலரி இடிந்திருக்கும். அது இருக்கட்டும். பிறகு சிலாங்கூர், அதன்பின் ஜொகூரின் ஜேடிடி. அங்கே முன்வரிசையில் நின்றே தீருவேன் என்று அவர் அடம்பிடித்திருந்தால் ஓரிரு பருவங்களில் பெஞ்சுக்குப் போயிருப்பார் என்பது என் கணிப்பு. அவர் வலது தற்காப்புக்கு இறங்கினார். முன்னால் ஓடிய அதே கால்கள் இப்போது பின்னால் திரும்பி ஓடவும் பழகின. 2014 முதல் ஒவ்வோர் ஆண்டும் லீக்கை வென்றுவரும் அணியில், 2015-இல் தென்கிழக்காசியாவிலிருந்து முதன்முதலாக ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்ற அணியில், அவர் இருந்தார். தேசிய அணியிலும் அதே இடத்தில் ஆடினார். ஓர ஆட்டக்காரராகவே இருந்திருந்தால் இவ்வளவு நீண்டிருக்குமா?

முன்வரிசையிலேயே நிற்பது எவ்வளவு கடினம் என்பதற்குத் தாக்குதல் ஆட்டக்காரர் என். தனபாலன் சாட்சி. 2017 சீ விளையாட்டு அரையிறுதி, ஷா ஆலம் அரங்கம், 87-ஆவது நிமிடம், கார்னர் பந்தில் தலையால் முட்டி இந்தோனேசியாவை வீட்டுக்கு அனுப்பினார். 22 வயது. அப்படி ஒரு கோலுக்குப் பிறகும் மூத்தோர் தேசிய அணியில் நிலையான இடம் அமையவில்லை. திறமைக் குறை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் கிளப்புகள் காசு கொடுத்து வெளிநாட்டவரை வாங்கும்போது முதலில் நிரப்புவது கோல் போடும் இடங்களைத்தான். உள்ளூர்ப் பையனுக்கு மிஞ்சுவது கடைசி இருபது நிமிடம்.

ஏணியிலும் படிகள் குறைந்துவிட்டன. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் நுழைந்தது. 2022-இல் ஒரு வெளிநாட்டவரும் இல்லாமல் முழுக்க உள்ளூர் ஆட்டக்காரர்களோடு ஆடியது. அந்தப் பருவத்தோடு லீக்கை விட்டே விலகியது. அதே ஆண்டோடு இரண்டாம் நிலைப் பிரிமியர் லீக்கும் முடிந்தது. 2023 முதல் கிளப்புகளின் இரண்டாம் அணிகள் எம்.எஃப்.எல். கிண்ணத்தில் தங்களுக்குள் மோதிக்கொள்கின்றன. முன்பு பதினெட்டு வயதுக்காரன் பிரிமியர் லீக்கில், முப்பது வயதுத் தற்காப்பு ஆட்டக்காரரிடம் முழங்கை இடி வாங்கித் தேறுவான். இப்போது தன் வயதுக்காரர்களோடேயே ஓடுகிறான். ஆகவே இன்னமும் வேகத்தாலேயே ஜெயிக்கிறான். 21 வயதில்தான் உண்மை தெரிகிறது.

இனி கிள்ளான் அப்பாவுக்கு. உங்கள் மகன் நான் பார்த்த முதல் ஆட்டத்தில் நான்கு முறை ஆளைத் தாண்டினான். நான்கு முறையும் வலது காலால், கோட்டோரமாக. இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி விட்டு நின்றது, அவன் காணாமல் போனான். இடது கால் இன்னும் தூங்குகிறது. ஆனால் 70-ஆவது நிமிடத்தில், தன் அணி பந்தை இழந்தபோது, யாரும் கத்தாமலேயே அறுபது மீட்டர் பின்னால் ஓடிவந்து ஒரு பந்தைத் தடுத்தான். நீங்கள் அப்போது கைதட்டவில்லை. நான் குறித்துக்கொண்டது அதைத்தான். சூப்பர் லீக் ஆடுவான் என்றே நினைக்கிறேன், இருபத்திரண்டு வயதுக்கு மேல். வலது தற்காப்பில்.