புளூட்டோனியத்துக்குப் பதில் சீரியம்

பாகாலா சந்திப்பிலிருந்து தர்மாவரம் பாதையைப் பிடித்து, பீலேரு தாண்டி, கதிரியில் இறங்கி வடக்கே போனால் புலிவெந்துலா. அதை ஒட்டித் தும்மலபள்ளி யுரேனியச் சுரங்கம். எதிர்த்திசையில் காட்பாடி வண்டியேறி, வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று கடற்கரைக்கு வந்தால் கல்பாக்கம். யுரேனியம் மண்ணிலிருந்து மேலே வரும் ஊருக்கும், உலையில் எரிந்த யுரேனியத்தை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியம் பிரிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிறது பாகாலா. ஆனால் இந்த வட்டாரத்துப் பிள்ளை ஒருவர் திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை முடித்துவிட்டு, அணு எரிபொருளில் முனைவர் பட்டம் செய்ய ஆசைப்பட்டால், பக்கத்தில் இடம் கிடையாது. 2015-ல் திருப்பதிக்கு வந்த ஐஐடியும் ஐசரும்கூட இந்த விஷயத்தில் கைகொடுக்க முடியாது. புளூட்டோனியத்தைக் கையாளும் ஆய்வுக்கூடங்கள் அணுசக்தித் துறையின் வேலிக்குள்தான் இருக்கின்றன. கல்பாக்கத்துக்கோ மும்பைக்கோ மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலிக்குள் செய்யப்படும் இந்த ஆய்வுப் படிப்பை இன்று பெரும்பாலும் நடத்துவது ஹோமி பாபா தேசிய நிறுவனம். 2005-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டது. டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையமும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அதன் உறுப்புகள். அதற்கு முன் கல்பாக்கம் விஞ்ஞானிகள் சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற வெளி இடங்களில் பதிவு செய்துகொண்டு பட்டம் வாங்கினார்கள். இப்போது ஆய்வுத் தலைப்பு, நெறியாளர், கருவி, நிதி, பட்டம் எல்லாம் ஒரே துறையின் குடைக்குள். இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இரண்டுமே இங்கிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் பலம். அதற்குக் கல்பாக்கத்தின் சின்ன உலையின் கதையே போதும்.

அதிவேகச் சோதனை ஈனுலை பிரான்சின் ராப்சோடி உலையை மாதிரியாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. செறிவூட்டிய யுரேனியம் கலந்த ஆக்சைடு எரிபொருளே முதலில் எண்ணியது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து வரும் வாய்ப்பு போய்விட்டது. செறிவூட்டிய யுரேனியம் இல்லையென்றால் புளூட்டோனியத்தைக் கூட்ட வேண்டும். புளூட்டோனியம் மிகுந்த ஆக்சைடோ உலையைக் குளிர்விக்கும் திரவ சோடியத்தோடு ஒத்துப்போகாது. எனவே 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு, 30 சதவீதம் யுரேனியம் கார்பைடு என்ற கலவையைத் தேர்ந்தார்கள். உலகில் வேறெந்த உலையும் முழு எரிபொருளாக வைத்து ஓட்டியிராத கலவை அது. பார்த்து எழுத முன்மாதிரி கிடையாது.

கார்பைடு தூள் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடியது, ஈரமும் ஆகாது. ஆக்சைடு தூளோடு கிராஃபைட்டைக் கலந்து அழுத்தி, வெற்றிடத்தில் சூடேற்றி, மறுபடி அரைத்து, வில்லைகளாக அழுத்திச் சுட்டெடுக்கும் வேலை முழுவதும் மந்த வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் நடக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, தடித்த ரப்பர் கையுறைக்குள் தோள்வரை கையை விட்டு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய வில்லையை இடுக்கியால் எடுத்து அளப்பது எப்படி என்று எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத் தராது. டிராம்பேயின் கதிர் உலோகவியல் பிரிவில் சைதன்யமய் கங்குலி உள்ளிட்டோர் உருவாக்கிய இந்தச் செய்முறையில்தான் உலையின் எரிபொருள் தயாரானது. 1985 அக்டோபர் 18 அன்று உலை தொடர்வினையைத் தொட்டது. இந்த எரிபொருள் பின்னர் டன்னுக்கு 165 கிகாவாட் நாள் என்ற எரிப்பளவு வரை போனது. கல்பாக்கத்துக் கனநீர் உலைகளில் அது சுமார் 7. இரண்டும் வேறு வகை உலை, வேறு வகை எரிபொருள் என்பதால் ஒப்பீடு முழுக்க நியாயமில்லை. ஆனாலும் யாரும் போகாத வழியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பது புரியும்.

எரிந்த கார்பைடைத் திரும்பக் கரைத்துப் பிரிக்க வேண்டுமே! நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கார்பைடில் உள்ள கரி முழுதும் வாயுவாகப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி கரிம அமிலங்களாகக் கரைசலிலேயே தங்கி, பின்னால் வரும் பிரிப்பு வேலையைக் கெடுக்கிறது. ஆக்சைடு எரிபொருளைப் பதப்படுத்தும் நாடுகளுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. 2003 முதல் கல்பாக்கத்தின் கோரல் கூடத்தில் ஈயச் சுவருக்குப் பின்னால் இந்த எரிபொருள் பதப்படுத்தப்படுகிறது. உலை, எரிபொருள், பிரிக்கும் கூடம், ஆய்வு மாணவரின் மேசை நான்கும் ஒரே வளாகத்தில். உலகில் இப்படிப்பட்ட வாய்ப்புள்ள முனைவர் பட்ட மாணவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இந்த நெருக்கத்தில் பிறந்த நல்ல ஆய்வுக்கு ஓர் உதாரணம் உண்டு. உலகெங்கும் எரிபொருள் பிரிப்பில் பயன்படுவது டிபிபி என்ற டிரைபியூட்டைல் பாஸ்பேட். டோடெக்கேன் எண்ணெயில் கலந்து அமிலக் கரைசலோடு குலுக்கினால், யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்கு ஏறிவிடும். பிளவுக் கழிவுகள் அமிலத்திலேயே தங்கும். புளூட்டோனியம் கொஞ்சமாக இருக்கும்வரை சிக்கலில்லை. ஈனுலை எரிபொருளில் அது கொட்டிக் கிடக்கிறது. அளவு மீறினால் எண்ணெய் அடுக்கு, பால் திரிவதுபோல, இரண்டாகப் பிரிந்து, கனத்த அடுக்கில் புளூட்டோனியம் திரண்டுவிடும். பிளவுப் பொருள் ஒரே இடத்தில் திரளுவது என்றால் ஆலையில் கட்டுப்பாடற்ற தொடர்வினைக்கே இடம் கொடுப்பது. ‘மூன்றாம் அடுக்கு’ என்று ஆலைக்காரர்கள் பயப்படுவது இதைத்தான். பி. ஆர். வாசுதேவ ராவும் அவரோடு இருந்த வேதியியலாளர்களும் டிபிபிக்கு மாற்றாக, கரிச் சங்கிலி நீண்டு கிளைத்த பாஸ்பேட்டுகளை வரிசையாகச் சோதித்தார்கள். டிரை-ஐசோ-அமைல் பாஸ்பேட் இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைக்கும் என்று காட்டினார்கள். பிறகு கல்பாக்கம் மையத்தின் இயக்குநராகவும் ஹோமி பாபா நிறுவனத்தின் துணைவேந்தராகவும் ஆனவர் வாசுதேவ ராவ். ஆலையின் பயத்திலிருந்து கேள்வி, கேள்வியிலிருந்து மூலக்கூறு. ஆய்வு இந்த வரிசையில் போகும்போது உருப்படியாக இருக்கிறது.

வரிசை தலைகீழாவதும் உண்டு. மூலக்கூறு முதலில், தேவை பிற்பாடு. அறைவெப்பத்தில் திரவமாக இருக்கும் அயனித் திரவங்கள் உலகெங்கும் வேதியியல் இதழ்களில் மோகமாகப் பரவியபோது, அணு எரிபொருள் ஆய்வும் அதற்குத் தப்பவில்லை. புதிய திரவம், புதிய பிரிப்பான், சில உலோக அயனிகள், சில வரைபடங்கள்: கட்டுரை தயார். விலை என்ன, கதிர்வீச்சில் எத்தனை நாள் தாங்கும், பயன்படுத்திய பிறகு எங்கே கொட்டுவது என்ற கேள்விகள் கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று ஒதுங்கிவிடுகின்றன. பட்டம் பெறுவதற்கு வெளியான கட்டுரைகள் வேண்டும். இதழ்களுக்குப் புதுமை வேண்டும். ஆலைக்கோ நாற்பது வருடம் ஒழுங்காக ஓடும் பழைய சரக்கு வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பது அபூர்வம்.

மாற்றுப் பொருள்களின் கதை இன்னும் சிக்கலானது. புளூட்டோனியம் கையாளும் இடமும் அனுமதியும் எல்லா மாணவருக்கும் கிடைக்காது. அதனால் சீரியத்தைப் புளூட்டோனியமாக நினைத்துக்கொள்வார்கள்; அமெரிசியத்தின் இடத்தில் யூரோப்பியம். உயர்நிலைக் கழிவுக்குப் பதிலாக இருபது இருபத்தைந்து நைட்ரேட் உப்புகளைக் கரைத்த, கதிரியக்கமே இல்லாத ‘பாவனைக் கழிவு’. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சீரியம் ஆக்சைடின் படிக அமைப்பும் புளூட்டோனியம் ஆக்சைடின் படிக அமைப்பும் ஒன்றே. நான்கு மின்னூட்டம் கொண்ட அயனிகளின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. வில்லை அழுத்துவதையும் சுடுவதையும் பழகச் சீரியம் அருமையான பொருள். ஆனால் கரைசலுக்குள் போனதும் இரண்டும் வழி பிரிந்துவிடுகின்றன. சீரியத்துக்கு அங்கே இரண்டே நிலை. புளூட்டோனியமோ மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று நான்கு நிலைகளிலும் ஒரே கரைசலில் ஒரே நேரத்தில் இருக்கும். சீரியம் சூடாவதில்லை; ஆல்ஃபா கதிரால் தன்னைச் சுற்றியுள்ள கரைப்பானைச் சிதைப்பதும் இல்லை. ஆலையில் தொல்லை கொடுப்பவை புளூட்டோனியத்தின் இந்த இரண்டு குணங்களே. ஓர் ஆய்வேட்டில் சீரியத்தில் நான்கு அத்தியாயம் ஓடி, ஐந்தாவதில் உண்மையான புளூட்டோனியத்தில் ஒரு சோதனையாவது இருந்தால், அந்த ஐந்தாவதுதான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது. அது இல்லாத ஆய்வேடு நல்ல வேதியியலாக இருக்கலாம். எரிபொருள் ஆய்வு என்று முகப்பில் போட்டுக்கொள்வதுதான் நெருடுகிறது.

சரி, ஆலைகள் உண்மையில் எங்கே சறுக்கின? 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் ஒரு வால்வு பழுதாகி, உயர்நிலைக் கழிவு தாழ்நிலைக் கழிவுத் தொட்டிக்குள் வந்துவிட்டது. மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட ஆறு பேர் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். எச்சரிக்கும் கருவி அந்த இடத்தில் இருக்கவில்லை. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் தோர்ப் ஆலையில் குழாய் ஒன்று முறிந்து, கரைத்த எரிபொருள் சுமார் 83 கன மீட்டர், மூடிய அறையின் தரையில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது 2005-ல் தெரியவந்தது. 1993 ஏப்ரலில் ரஷ்யாவின் டோம்ஸ்க்-7 வளாகத்தில் டிபிபியும் நைட்ரிக் அமிலமும் சூட்டில் வினை புரிந்து தொட்டி வெடித்தது. வால்வு, குழாய், சூடு. மூன்றில் எதுவும் புதிய பிரிப்பான் இல்லாததால் வந்த வினையில்லை.

கல்பாக்கத்துக்கு இது தெரியாது என்று சொன்னால் அநியாயம். கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் எஃகு எப்படி அரிக்கிறது, டைட்டானியமும் சிர்க்கோனியமும் எவ்வளவு தாங்கும் என்று யூ. காமாட்சி முதலியும் மாணவர்களும் செய்த வேலை இந்தத் துறையில் மதிக்கப்படுவது; அவரும் பின்னர் ஹோமி பாபா நிறுவனத்தின் துணைவேந்தரானார். டிபிபி கலவை சூட்டில் என்ன பாடுபடுகிறது என்பதையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். குறை வேறிடத்தில். அரிப்பை ஒரு வில்லை உலோகத்தில் அளந்து பட்டம் வாங்கலாம். ஓர் ஆலையின் பத்து வருடப் பராமரிப்புப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, எந்த வால்வு எப்போது ஏன் கெட்டது என்று ஆராய்ந்து பட்டம் வாங்க வழியில்லை. அந்தப் பதிவேடுகள் ஆய்வுக்கான தரவாகக் கருதப்படுவதில்லை, இரகசியமாகவே கருதப்படுகின்றன.

பணக் கணக்கும் அப்படியே. எரிபொருளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இந்தியா சொல்லிவந்த முதன்மைக் காரணம், நம்மிடம் யுரேனியம் குறைவு, தோரியம் அதிகம் என்பது. 1950களில் பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் அடித்தளம் அது. 2008-ல் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் விலக்கு அளித்த பிறகு, கஜகஸ்தான், கனடா என்று வெளியிலிருந்து யுரேனியம் வரத் தொடங்கியது. அடித்தளமே நகர்ந்திருக்கும்போது கணக்கை மறுபடி போட வேண்டாமா? போட்டவர்கள் வேலிக்கு வெளியே இருப்பவர்கள். எம். வி. ரமணாவும் ஜே. ஒய். சுசித்ராவும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, கல்பாக்கத்து முன்மாதிரி ஈனுலையின் மின்சாரம் கனநீர் உலை மின்சாரத்தைவிட விலை கூடியது என்று சொன்னது. துறை இதை ஏற்கவில்லை என்றால் மறுக்கலாம். மறுக்கும் முனைவர் பட்ட ஆய்வு ஒன்று ஆலையின் உண்மையான செலவுகளோடு வந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது. ரூபாயில் வராத செலவும் உண்டு: தும்மலபள்ளியில் கழிவுக் குட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று புகார் சொல்கிறார்கள். எரிபொருள் தயாரிப்பு சுரங்கத்தில் தொடங்குகிறது என்றால், அந்த நீரும் எரிபொருள் ஆய்வுக்குள் வரத்தான் வேண்டும்.

வேலிக்குள் இருக்கும் தரவை வெளிப் பல்கலைக்கழகம் ஆராயும் ஏற்பாட்டுக்கு மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாகாலா மண்டலத்திலேயே இருக்கிறது காதங்கி. விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அங்கே 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரை, 1024 ஆண்டெனாக்களோடு நடத்துகிறது. திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் அந்த ரேடார் தரவை வைத்துக்கொண்டு பட்டம் பெற்றுவருகிறார்கள். தரவு மையத்தினுடையது, பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. காற்றையும் புளூட்டோனியத்தையும் ஒன்றாக நடத்த முடியாது என்பது உண்மை. ஆனால் பிரான்சிலும் மார்கூல் அணு ஆய்வு மையத்தில் எரிபொருள் பிரிப்பில் வேலை செய்யும் மாணவருக்குப் பட்டம் தருவது மோன்பெல்லியே போன்ற வெளிப் பல்கலைக்கழகம்தான். வேலி அங்கேயும் இருக்கிறது. மதிப்பிடுவது மட்டும் வேலிக்கு வெளியே. இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பின் கிளை ஒன்று கல்பாக்கத்தில் உண்டு. வெளி மாணவர்கள் அதன் வழியாக மையத்தின் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். வாசல் இருக்கிறது, ஆலைத் தரவுதான் அதன் வழியே வெளியே வருவதில்லை.

இனிமேல் இது முன்பைவிட அவசரம். 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. 2010-ல் ஓடும் என்றார்கள். உலை மையத்தை நிரப்பும் வேலை முறையாகத் தொடங்கியதே 2024 மார்ச் 4 அன்று. அதற்கு இரண்டு மாதம் முன், ஜனவரி 2 அன்று, செயல்விளக்க மறுபதப்படுத்தும் ஆலையைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஈனுலைகளுக்கான பெரிய எரிபொருள் வளாகத்துக்கு 2013-ல் 9,600 கோடி ரூபாயில் ஒப்புதல் தரப்பட்டது. கோரலில் சிறிய அளவில் பழகிய வேலையைச் செயல்விளக்க ஆலையில் பல மடங்கு அளவில் செய்யும்போது, வெட்டும் கத்தி மழுங்குவது முதல் வடிகட்டியில் அடைக்கும் தூள் வரை நூறு சில்லறைத் தொல்லைகள் வரும். அவற்றைப் பதிந்து, பெயர்களையும் இரகசிய அளவுகளையும் நீக்கிவிட்டு, பத்து மாணவர்களுக்குத் தலைப்பாகக் கொடுக்கலாம். அதில் இரண்டு பேராவது திருப்பதியிலோ சென்னையிலோ பதிவு செய்தவர்களாக இருக்கலாம். தேர்வாளர்களில் ஒருவர் ஆலையை நடத்தியவராகவும் இன்னொருவர் அதன் செலவைக் கேள்வி கேட்டவராகவும் உட்கார்ந்தால், வாய்மொழித் தேர்வு கொஞ்சம் நீளும். நீளட்டும்.